"மூன்று மாதம்தான் இங்கே வழக்கம்": மகப்பேறு விடுப்பு கேட்டவர்களின் அனுபவங்கள்

கோவை, கணக்குப் பிரிவு ஊழியர்

மகப்பேறு விடுப்பு கேட்டபோது உங்கள் வேலையிடத்தில் என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். கிடைத்தவர்களும் எழுதுங்கள், கிடைக்காதவர்களும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் மாதம் முடிந்ததும் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். மகிழ்ச்சியாக வாழ்த்தினார். விடுப்புப் பேச்சை எடுத்ததும், "மூன்று மாதம்தானம்மா இங்கே வழக்கம். மேலே வேண்டுமென்றால் சம்பளமில்லாத விடுப்பு போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பழைய சட்டத்தில் 12 வாரம் என்று இருந்தது; அந்த அலுவலகம் அங்கேயே நின்றுவிட்டது. 2017 ஏப்ரல் 1 தொடங்கி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மருத்துவர் குறித்த பிரசவத் தேதி, விடுப்பு தொடங்கும் நாள், என்னால் வர இயலாவிட்டால் பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற உறுதி. சட்டம் கேட்பது இவ்வளவுதான். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதற்கு? பேசித் தீர்த்துக்கொள்ளலாமே" என்று என் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

அன்று மதிய உணவு இடைவேளையில் அதே கடிதத்தை அடுத்த தெருத் தபால் நிலையத்திலிருந்து எங்கள் நிறுவனத்தின் முகவரிக்கே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். எங்கள் தபால் பிரிவில் முத்திரை குத்திக் கையெழுத்திட்ட அட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பேச்சே மாறிவிட்டது. நிறுவனத்தின் ஆடிட்டரைக் கேட்டிருக்கிறார்கள். சட்டம் என்ன என்று அவர் சொல்லியிருக்கிறார். 26 வாரமும் கிடைத்தது. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பத்துக்கான சான்றைக் கொடுத்தவுடன் முன்பணமாகவே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எனக்கு இரண்டுமே தாமதமாகத்தான் வந்தன. ஆனால் வந்தன.

ஆகவே என் கருத்து ஒன்றுதான்: வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் அது சலுகையாகிவிடுகிறது.

திருப்பூர், பனியன் கம்பெனித் தையல் தொழிலாளி

அக்கா, உங்களுக்கு மாதச் சம்பளம். எங்களுக்கு வாரச் சம்பளம், அதுவும் பீஸ் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கவரில் வாங்கிக்கொண்டு போவோம். எங்களுக்கெல்லாம் மகப்பேறு விடுப்பு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏழாம் மாதம் நின்றுவிடுவார்கள். குழந்தைக்கு ஒரு வயதானதும் வேறு கம்பெனியில் சேருவார்கள். நின்றுவிட்டதாகத்தான் எல்லோரும் சொல்வார்களே தவிர, விடுப்பில் இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இதற்குள் வருவார்கள். நம் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். இதில் இருந்தால் பிரசவ காலப் பணத்தை முதலாளி தர வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. அதே 26 வாரம், முழுச் சராசரிக் கூலி. முதலாளிக்குக் கைக்காசு போகாது என்று தெரிந்தால் பாதி இடங்களில் தகராறே வராது என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு வேறு இடத்தில் சிக்கல் வந்தது. இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு பருவம். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சேர்த்து 70 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். நான் அதற்கு மேலேயே வேலை செய்திருந்தேன். கிளை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால், "உங்களுக்கு நாள் போதாது" என்றார்கள்.

எப்படி என்றால், இடையில் நான் கம்பெனி மாறியிருந்தேன். புதிய இடத்தில் என் பழைய காப்பீட்டு எண்ணைக் கேட்காமலேயே புதிதாக ஓர் எண் போட்டுவிட்டார்கள். என் நாள்கள் இரண்டு எண்களில் பிரிந்து கிடந்தன. இரண்டையும் கூட்டினால் தகுதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் இல்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கும் கிளை அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தேன். எங்கள் சங்கத்து அண்ணன் ஒருவர் கூட வந்து, ஆதார் நகலையும் பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டுகளையும் வைத்து இரண்டு எண்ணையும் இணைக்க எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. அந்தப் பணத்தில்தான் என் தாய் வீட்டில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தேன்.

புதிய கம்பெனியில் சேரும் முதல் நாளே பழைய இ.எஸ்.ஐ. எண்ணைக் கொடுங்கள். சம்பளக் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

மதுரை, தனியார் பரிசோதனைக் கூடம்

நான் எழுதுவது பிறந்த குழந்தையைப் பற்றியல்ல. மூன்றாம் மாத முடிவில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. அந்த வாரமே வேலைக்குப் போனேன். குழந்தை இல்லையே, விடுப்பு எதற்கு என்று என் மாமியார் முதல் மேற்பார்வையாளர் வரை எல்லோரும் நினைத்தார்கள்; எனக்கும் அது சரியாகவே பட்டது. இரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டே இருப்பேன், கால் நடுங்கும். ஒரு நாள் மயங்கி மேசையைப் பிடித்தபோதுதான் எங்கள் மூத்த செவிலியர் அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு ஆறு வாரம் விடுப்பு உண்டு. ஏனம்மா வந்தாய்?"

கருக்கலைவுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம், சம்பளத்தோடு. அதோடு நிற்கவில்லை சட்டம். அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே ஒரு பெண்ணிடம் வேலை வாங்குவதே குற்றம். உடல்நிலை அதற்குப் பிறகும் தேறாவிட்டால் மேலும் ஒரு மாதம் கேட்கலாம். இதற்கு மருத்துவமனைச் சீட்டு போதும். இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, அதனால்தான் எழுதினேன்.

சென்னை, தியாகராய நகர், துணிக்கடை விற்பனையாளர்

மதுரைச் சகோதரி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். இப்போது உடம்பு தேறிவிட்டதா?

எங்கள் வேலையே நிற்பதுதான். தீபாவளி நேரத்தில் காலை பத்து மணிக்கு நின்றால் இரவு கடை மூடும்வரை புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் குழி விழுந்திருக்கும். முக்காலி ஒன்று கேட்டேன். "வாடிக்கையாளர் பார்த்தால் நன்றாக இருக்காது" என்றார் தள மேலாளர்.

2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். அது போக, பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் அதற்கும் முந்தைய ஒரு மாதத்துக்கும் நெடுநேரம் நிற்கும் வேலை வேண்டாம் என்று நாம் கேட்டால் தரக் கூடாது. இதை நான் தாளில் எழுதிக் கொடுத்த மறுநாள் பில் போடும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி இருந்தது. மற்ற பெண்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

சேலம் மாவட்டம், அரசுப் பள்ளி ஆசிரியை

எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021 ஜூலை 1 முதல் ஓர் ஆண்டாகவும் விடுப்பை உயர்த்தினார்கள். 365 நாளும் முழுச் சம்பளத்தோடு என் மகளோடு இருந்தேன். அவள் முதல் அடி எடுத்து வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு விடுப்பால் பதவி உயர்வு தள்ளிப்போகும் சிக்கல் இருந்தது. விடுப்புக் காலத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.

என்னை உறுத்துவது வேறு. என் பக்கத்து வகுப்பில் தற்காலிக ஆசிரியை ஒருவர் இருந்தார். அதே பாடம், அதே கரும்பலகை, அதே பிள்ளைகள். ஆறாம் மாதத்தில் அவர் தானாகவே விலகிப் போனார். விடுப்பு கேட்கவே இல்லை. நமக்கெல்லாம் கிடைக்காது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் விடுப்புக்கு நடுவில் முடிந்தாலும் முழுப் பலனையும் தர வேண்டும் என்று டெல்லியில் ஒப்பந்த மருத்துவராக இருந்த பெண்ணின் வழக்கில் 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

மூன்றாவது குழந்தை பற்றியும் பலர் கேட்பார்கள். தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவி வழக்கை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், இருவரும் தந்தையிடம். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுத்துவிட்டார்கள். 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு தர உத்தரவிட்டது. தனியார் வேலையிலும் இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு விடுப்பே கிடையாது என்பது தவறு. 12 வாரம் உண்டு.

சென்னை, தனியார் வங்கி ஊழியர் (தந்தை)

ஆண்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை. மனைவிக்கு அறுவை சிகிச்சைப் பிரசவம். தையலோடு எழுந்து உட்காரவே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவளுக்கு அம்மா இல்லை. நான் சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பைத்தான் எடுத்தேன். தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி விக்டோரியா கௌரி 2023இல், ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில் சொன்னார். அது அவர் சொன்னதோடு நிற்கிறது.

ஈரோடு, மனிதவளப் பிரிவு

நான் மேசையின் மறுபக்கத்தில் உட்காருபவள், ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளும் கூட. உண்மையைச் சொல்கிறேன். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் 26 வாரச் சம்பளமும் நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது. பதினைந்து, இருபது பேர் இருக்கும் இடத்தில் இது பெரிய தொகை. அதனால் நேர்காணலில், "எப்போது கல்யாணம்?" என்று கேட்கிறார்கள். கல்யாணமானவரிடம், "குழந்தை இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இந்தச் செலவைத் தனி முதலாளியின் பொறுப்பாக விடாமல், சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ தர வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. பெண்களுக்கு வேலை கிடைப்பதும் விடுப்பு கிடைப்பதும் ஒன்றோடொன்று மோதக் கூடாது என்றால் அரசு இதில் பங்கு போட்டே ஆக வேண்டும்.

அதற்காக, இருக்கும் சட்டத்தை மீற எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவதோ, அந்த நேரத்தில் அவருடைய பணி நிபந்தனைகளைக் குறைப்பதோ செல்லாது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனி. 2025 நவம்பர் 21 முதல் 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைக் காட்டி, "பழையது ரத்தாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 26 வாரம் அப்படியே இருக்கிறது.

ஓசூர், ஒப்பந்த ஊழியர்

எல்லோருடையதையும் படித்தேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது நான்காம் மாதம். ஓர் ஆண்டு முடியாதவர்களுக்குக் கிடையாது என்கிறார் எங்கள் ஒப்பந்ததாரர். இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை, சம்பளம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

கோவை, கணக்குப் பிரிவு ஊழியர்

நிச்சயமாக இருக்கிறது, தங்கையே. ஓர் ஆண்டு என்ற கணக்கே சட்டத்தில் இல்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். உங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நிறுவனம் இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவத் தொகையும் கேளுங்கள்.

வருகைப் பதிவின் நகலையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியை ஒப்பந்ததாரருக்கும் இன்னொன்றை அவர் உங்களை வேலைக்கு அனுப்பும் முதன்மை நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். மறுத்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கடிதத்தை எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள். ஈரோட்டு அக்காவும் நானும் பார்த்துத் திருத்தித் தருகிறோம்.