கல்லூரி அணியில் சேரும் பிள்ளைக்கு முதல் வாரமே பவர் கிளீனா?

டாலஸ் அம்மா:
மகள் வரும் ஆகஸ்டில் இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் வாலிபால் அணியில் சேர்கிறாள், டிவிஷன் ஒன், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு. கோடையில் செய்ய எட்டு வாரப் பயிற்சித் தாள் அனுப்பியிருக்கிறார்கள். வாரம் நான்கு நாள். முதல் வாரமே மேக்ஸில் (ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை) 75 சதவீதத்தோடு பேக் ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, ஐந்து ரெப்ஸ் (முறை) வீதம் ஐந்து செட் (சுற்று). கூடவே பவர் கிளீன், பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்குத் தூக்குவது. இவள் பள்ளியிலும் கிளப்பிலும் ஆடியதோடு சரி, பார் (எடை மாட்டும் இரும்புத் தண்டு) பிடித்து ஒழுங்காகத் தூக்கியதே இல்லை. தாளில் உள்ளபடியே செய்ய விடலாமா?

இரும்புப்பிடி:
தாராளமாக விடுங்கள் அக்கா. வாலிபால் சீசன் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சி, மாதக் கடைசியில் மேட்ச், நவம்பர் வரை ஓயாது. வகுப்பு தொடங்கிவிட்டால் விதிப்படி பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான், வெயிட் ரூமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அப்புறம் எங்கே பலம் ஏற்றுவது? புதிதாகத் தூக்குகிறவர்களுக்குத் தூக்கும் எடை வாரா வாரம் கூடும். அந்த நல்ல காலத்தைக் கோட்டை விடாதீர்கள். 18 வயது, குழந்தை இல்லை.

மெதுநடை:
நான் ஒரு கல்லூரி வெயிட் ரூமில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவன். ஸ்குவாட்டோடு எனக்குச் சண்டை இல்லை. நான்காம் ஆண்டு மாணவிக்கும் நேற்று வந்தவளுக்கும் ஒரே தாளை நீட்டுவதோடுதான் சண்டை. 2006-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் டேல் லாய்ட் என்ற முதலாண்டு அமெரிக்கக் கால்பந்து வீரர் நூறு கெஜ ஓட்டத்தைப் பதினாறு முறை ஓடவிட்ட பயிற்சியில் சரிந்து மறுநாள் இறந்தார். 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகத்தில் விடுமுறை முடிந்து வந்த அமெரிக்கக் கால்பந்து வீரர்களில் 13 பேர் ஒரே பயிற்சியின் விளைவாக மருத்துவமனைக்குப் போனார்கள். தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகத்துக்கே ஆபத்து என்கிற நிலை. புதிதாக வருகிறவர்களும் இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்களும்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இரும்புப்பிடி:
இதில் எது பலப் பயிற்சி என்று சொல்லுங்கள் சார். லாய்ட் இறந்தது ஓட்டத்தில். அவருக்கு அரிவாள் செல் மரபுக்கூறு (கடும் உழைப்பில் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையக்கூடிய பரம்பரைக் கூறு) இருந்தது, அது யாருக்கும் தெரியவில்லை. 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஜோர்டன் மெக்நேர் இறந்தது வெப்பத் தாக்கத்தால். அயோவாவில் கொடுத்தது நூறு ஸ்குவாட், அதுவும் நேரம் பார்த்து. ஐந்து ரெப்ஸ் தூக்கி, மூன்று நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர் யாராவது இந்தப் பட்டியலில் உண்டா? ஓடவிட்டதற்கும் தண்டனைக்கும் பழியைத் தூக்கிப் பாரின் மேல் போடாதீர்கள்.

மெதுநடை:
நியாயமான கேள்விதான். ஆனால் அயோவாவின் அந்த நூறு ஸ்குவாட் எத்தனை எடையில்? அவரவர் மேக்ஸில் பாதி. தாளில் பார்த்தால் லேசான எடைதான். பழக்கமில்லாத அளவில் செய்ததே உடைத்தது. இப்போது டாலஸ் அம்மாவின் தாளுக்கு வாருங்கள். மேக்ஸில் 75 சதவீதம் என்கிறது. எந்த மேக்ஸ்? அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாதே! என்ன செய்வாள்? தோழியின் எண்ணைப் பார்த்து ஒன்றை எழுதிக்கொள்வாள். இல்லையென்றால் வீட்டுப் பக்கத்து ஜிம்மில் தனியாக மேக்ஸ் பார்க்கப் போவாள். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

2019-இல் அமெரிக்கப் பலப் பயிற்சி வல்லுநர்களின் சங்கமான என்எஸ்சிஏவும் கல்லூரிப் பலப் பயிற்சியாளர்களின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டப் பயிற்சியின் அளவை முதல் வாரம் 50 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. அடுத்த வாரங்களில் 30, 20, 10 என்று குறைப்பைத் தளர்த்துகிறது. எடைப் பயிற்சிக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளிகள் எழுதியதில்லை அது.

நீலகிரித் தேநீர்:
நடுவில் ஒரு வார்த்தை. அரிவாள் செல் நமக்கெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952-லேயே பதிவானது. லாய்ட் இறந்த பிறகுதான் 2010-இல் டிவிஷன் ஒன்னில் சேர்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை விதியாக வந்தது. மருத்துவப் படிவத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

டாலஸ் அம்மா:
பரிசோதனை எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. சரி, இந்த எட்டு வாரம் அவள் என்னதான் செய்வது?

மெதுநடை:
சதவீதத்தை மறந்துவிடுங்கள். டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட், எட்டு ரெப்ஸ் வீதம் மூன்று செட். இன்னும் இரண்டு மூன்று முடியும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். இடுப்பை மடக்கித் தூக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட், புஷ்-அப், எடையை உடலை நோக்கி இழுக்கும் ரோ. வாரம் மூன்று நாள் போதும். பவர் கிளீனை நேரில் ஒருவர் நின்று சொல்லித்தராமல் தொட வேண்டாம், அதற்குப் பதில் மெடிசின் பந்தை (கனமான பயிற்சிப் பந்து) எறியலாம். முக்கியமாக, குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடங்காமல் இறங்கப் பழகட்டும். வாலிபால் பெண்களுக்கு முட்டித் தசைநார் கிழிவதுதான் பெரிய பயம், மேக்ஸ் குறைவாக இருப்பது அப்புறம்.

இரும்புப்பிடி:
குதித்து இறங்குவது பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு வாரமும் டம்பெல்லா? வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்டில் அந்த 20 மணி நேர வரம்பும் கிடையாது. ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி வைப்பார்கள், நூற்றுக்கணக்கில் குதிக்க வேண்டும். அந்தச் சுமையைக் காலும் முட்டியும் தாங்க வேண்டுமென்றால் நிஜமான எடை தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வாரம் நீங்கள் சொன்னது, மூன்றாம் வாரம் பாரைத் தூக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து பவுண்டு ஏற்றிக்கொண்டே போகலாம், தூக்கும் வடிவம் கெட்டால் அங்கேயே நிறுத்தலாம்.

மெதுநடை:
வடிவம் கெட்டதை யார் பார்த்துச் சொல்வது? உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தால் மூன்றாம் வாரம் சரி. இல்லாவிட்டால் கிடையாது.

டாலஸ் அம்மா, அவளையே பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம், அணியில் அது எடுபடாது. 'நான் பார் தூக்கியதில்லை, மேக்ஸ் எண் இல்லை, எனக்கு எதில் தொடங்க வேண்டும்' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் வேறு தாள் வரும்.

இரும்புப்பிடி:
கேட்கட்டும். ஆனால் பதில் வரும்வரை சும்மா உட்கார வேண்டாம். நல்ல பளுதூக்குப் பயிற்சியாளர் ஒருவரிடம் நாலு வகுப்புக்குப் பணம் கட்டிக் காலி பாரோடு தொடங்குங்கள். 45 பவுண்டு பார் கனமாக இருந்தால் பெண்களுக்கான 15 கிலோ பார் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.