1.86 லட்சம் ஓடிய பழைய பென்ஸ் ஈ 280 சிடிஐ: நம்பி வாங்கலாமா?

பல்லடத்தான்:

வணக்கம். அப்பாவுக்கு ஒரு பென்ஸ் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புது வண்டிக்கு நமக்கு வழியில்லை. ஏழு லட்சத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். வாங்கிய பிறகு பார்க்கிற வேலையும் அதில் அடக்கம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 2008 மாடல் ஈ 280 சிடிஐ டீசல், டபிள்யூ 211 என்று சொல்லப்படும் தலைமுறை.

முதலாவது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியுடையது. ஒரே ஓனர், 1,86,000 கி.மீ., நாலே முக்கால் கேட்கிறார். டிரைவர் சீட்டின் ஓரம் வெடித்திருக்கிறது, முன் பம்பரில் கீறல். ஆனால் ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார். இரண்டாவது சென்னையில் ஒரு டீலரிடம். மூன்றாவது ஓனர், 74,000 கி.மீ., ஐந்தே முக்கால். பளபளவென்று இருக்கிறது, பில் எதுவும் இல்லை.

வீட்டில் எல்லோரும் சென்னை வண்டியைத்தான் சொல்கிறார்கள். 1.86 லட்சம் என்றதும் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மாதம் எழுநூறு, எண்ணூறு கி.மீ. ஓட்டுவோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆல்டிஸ் பிரியன்:

இரண்டும் வேண்டாம் பாஸ். அந்தப் பணத்துக்கு நல்ல பெட்ரோல் டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் கிடைக்கும், அப்பா நிம்மதியாகப் போய் வருவார். பழைய பென்ஸில் வண்டியின் விலைதான் இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது.

வைகைக்கரை டீசல்:

தம்பி, மேலே நண்பர் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அப்பா கேட்டது ஆல்டிஸ் இல்லையே. நானும் இதே ஈ 280 சிடிஐதான் மதுரையில் ஓட்டுகிறேன், மூன்று லட்சத்தை நெருங்குகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பயப்பட வேண்டியது 1.86 லட்சத்துக்கு அல்ல, 74,000-க்கு. பதினேழு வருஷத்தில் 74,000 என்றால் வருஷத்துக்கு 4,400 கூட வராது. மூன்று லிட்டர் வி6 டீசலை வாங்கி அவ்வளவுதான் ஓட்டினார்களா? அதுவும் மூன்று ஓனர் கைமாறி? ஒன்று, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். இல்லையென்றால் வண்டி வருஷக்கணக்காக நின்றிருக்கிறது. நிற்கிற வண்டியில் ரப்பர் இறுகும், பேட்டரி சாகும், டேங்கில் டீசல் கெடும், எலி ஒயரைத் தின்னும். ஹைவேயில் ஓடிய 1.86 லட்சம் அதைவிட எவ்வளவோ மேல்.

மீட்டரைத் திருப்பியவன் மற்றதை எல்லாம் மாற்றியிருக்க மாட்டான். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், ஸ்டீயரிங் தோல் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பு வருஷக் குறி இருக்கும். நாலில் ஒன்று மட்டும் வேறு வருஷம் என்றால் அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு. டயரில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். வண்டி 2008, ஆனால் டிஎன் சீரிஸ் 2018 வாக்கில் வந்ததென்றால் வெளி மாநிலத்திலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வந்த வண்டி. டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசலை ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து சொகுசு டீசல்கள் மலிவாகத் தெற்கே வந்தன. டெல்லி வண்டி என்பதாலேயே கெட்ட வண்டி ஆகிவிடாது. ஆனால் பழைய சரித்திரம் அங்கேயே நின்றுவிடும், கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாமையும் மறக்காதீர்கள். பாலிஷ் போட்ட மேல்பக்கம் எதையும் காட்டாது. கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் நுரையை முகர்ந்து பாருங்கள், சீட் ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள், டிக்கியில் பேட்டரி உட்காரும் குழியைப் பாருங்கள்.

அடுத்து இன்ஜின். ஓஎம் 642 என்பது அதன் பெயர். அடிப்படையில் கெட்டியான இன்ஜின். அதன் நோய்கள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதே ஒரு நிம்மதி. ஆயில் கூலர் இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் சீல் சூட்டில் இறுகி, ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழியும். சீல் விலை ஒன்றும் பெரிதில்லை. டர்போ, இன்டேக் எல்லாம் கழற்றினால்தான் கை போகும், அந்தக் கூலிதான் பெரிது. டர்போவின் வாயில் இருக்கிற சின்ன சீல் கசிந்தால் கீழே இருக்கும் ஸ்வர்ல் ஃபிளாப் மோட்டாரில் (உள்ளே போகும் காற்றைச் சுழற்றிவிடும் மடல்களை அசைப்பது) ஆயில் இறங்கி அது போய்விடும், வண்டி இழுக்காது. இதையெல்லாம் எப்போது செய்தார்கள் என்று அந்த ஃபைலில் தேடுங்கள்.

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ‘சும்மா ஸ்டார்ட் செய்து வைத்தேன்’ என்பார்கள்; அடுத்த நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான், இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்ப உதவும் க்ளோ பிளக் எப்படி இருக்கிறது என்று தெரியும். இன்ஜெக்டர் அடியில் சீல் கசிந்தால் ‘சக் சக்’ என்று ஒரு சத்தம் வரும், சுற்றிலும் தார் மாதிரி கருப்பாக அப்பியிருக்கும்.

ஒரு நல்ல விஷயம். 2006 நடுவில் மாற்றங்களோடு வந்த ஃபேஸ்லிஃப்டில், தொல்லை கொடுத்த எஸ்பிசி எலக்ட்ரானிக் பிரேக்கை எடுத்துவிட்டார்கள். உங்கள் 2008-ல் அந்தத் தலைவலி இல்லை.

சீட் ஓரம் வெடித்தது, பம்பர் கீறல் எல்லாம் பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

13 நம்பர் ஸ்பேனர்:

கோவையில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன்ங்க, ஜெர்மன் வண்டிதான் அதிகம். மதுரை அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பில் ஃபைல் தடியாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பாதி வண்டியில் அது ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு பில்லாகத்தான் இருக்கும். எது இல்லை என்று பாருங்க. இந்த இன்ஜினுக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். பில்லில் ஐந்து, ஆறு லிட்டர் என்று போட்டிருந்தால் அந்த சர்வீஸை நம்பாதீங்க. ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கின் ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) 60,000 கி.மீ. வாக்கில் மாற்றியிருக்க வேண்டும். ‘லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீங்க.

கியர்பாக்ஸ் கண்ட்ரோல் யூனிட் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. அதில் ஸ்பீட் சென்சார் போனால் ஒரே கியரில் சிக்கிக்கொள்ளும். காயலான் கடையில் ஒன்று வாங்கி மாட்டினால் ஓடாது, வண்டிக்கேற்ப கோடிங் செய்ய வேண்டும். அதனால் அரைமணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு டி (முன்னே), ஆர் (பின்னே) மாற்றிப் பாருங்க. தாமதமோ உதையோ இருக்கக்கூடாது.

ஆயில் பின்பக்கம், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் பக்கம் சொட்டினால் பல பேர் ‘கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல், கியர்பாக்ஸ் இறக்கணும்’ என்பார்கள். இந்த இன்ஜினில் அநேகமாக அது மேலே உள்ள கூலர் சீல்தான்.

கட்டாயம் ஸ்டார் டயக்னோசிஸ் (பென்ஸுக்கான ஸ்கேன் கருவி) போடுங்க. சில கண்ட்ரோல் யூனிட்களில் கோளாறு பதிவாகும்போது அன்றைய கி.மீ.யும் சேர்ந்து பதிவாகும். 74,000 காட்டுகிற வண்டிக்குள்ளே 1,30,000-ல் வந்த கோளாறு உட்கார்ந்திருந்தால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? எல்லாக் கோளாறுப் பதிவும் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தாலும் சந்தேகம்தான். பதினேழு வருஷ வண்டியில் ஒரு பழைய பதிவாவது கிடக்கும்.

பல்லடத்தான்:

எல்லோருக்கும் நன்றி. சென்னையில் இருக்கும் மச்சானை அனுப்பினேன். ஸ்கேன் போடலாமா என்று கேட்டதற்கு டீலர், ‘ஸ்கேன் எதுக்கு சார், வண்டியைப் பார்த்தாலே தெரியுதே’ என்றாராம். பின் இடது கதவுக் கண்ணாடியில் மட்டும் வேறு வருஷம். அதோடு அந்த வண்டியை விட்டுவிட்டேன்.

திருப்பூர் வண்டியைக் கோவையில் லிஃப்டில் ஏற்றி ஸ்கேனும் போட்டோம். கி.மீ. பொருந்துகிறது. ஆனால் பெல் ஹவுசிங் பக்கம் ஆயில் ஈரம். முன் சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்ம்களின் பால் ஜாயின்ட் இரண்டும் லூஸ். ஏடிஎஃப் 1,10,000-ல் ஒரே முறைதான் மாற்றியிருக்கிறார்கள். கியர் மாறுவது சுத்தமாக இருக்கிறது. ஸ்வர்ல் மோட்டார் பற்றி எந்தப் பில்லும் இல்லை. முதலாளி நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கினார். எடுக்கலாமா? 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி தொந்தரவு வருமா?

வைகைக்கரை டீசல்:

எடுக்கலாம், ஆனால் இன்னும் பேசுங்கள். ஆயில் கசிவைக் காட்டி நாலுக்குக் கீழே கேளுங்கள். அவருக்கும் அது தெரிந்திருக்கும். கூலர் சீலுக்காகப் பிரிக்கும்போதே டர்போ வாய் சீல், ஸ்வர்ல் மோட்டார் இரண்டையும் முடித்துவிடுங்கள். தனித்தனியாகச் செய்தால் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். சீல் புது வகை, ஊதா நிறத்தில் வரும், அதையே கேளுங்கள். பழைய ஆரஞ்சு நிறத்தைப் போடவிடாதீர்கள். ஏடிஎஃப் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆர்சி: 2008 வண்டிக்கு 15 வருஷம் 2023-லேயே முடிந்திருக்கும். எஃப்சி காட்டி 2028 வரை புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பாருங்கள். புதுப்பிக்காமல் வைத்திருந்தால் அந்த வேலையை அவர் முடித்துக் கொடுத்த பிறகுதான் பணம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000. இறக்குமதி வண்டிக்குத்தான் 40,000. இது புனேயில் அசெம்பிள் செய்த வண்டி, யாராவது பயமுறுத்தினால் ஆர்சியைக் காட்டுங்கள். 2028-ல் 20 வயது ஆகும், அப்போது கட்டணம் இரட்டிப்பு.

13 நம்பர் ஸ்பேனர்:

லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிட்டு அலைன்மென்ட் பாருங்க. அப்படியே பேட்டரியையும் செக் பண்ணுங்க. வோல்டேஜ் குறைந்தால் இந்த வண்டி இல்லாத கோளாறெல்லாம் காட்டும்.