ஸ்பிட்ஃபயரின் மூக்கைத் தாழ்த்தினால் எஞ்சின் நின்றுபோகிறது: ஜாய்ஸ்டிக் கோளாறா?

கேள்வி – வால்காற்று

கணினியில் விமானச் சண்டை ஆடுகிறேன். களம் 1940, பிரிட்டன் வான்போர். நான் பிரிட்டனின் முதல் வகை ஸ்பிட்ஃபயர், எதிரி ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இ. வாலைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போது அவன் சட்டென்று மூக்கைத் தாழ்த்திப் பாய்கிறான். நானும் ஸ்டிக்கை முன்னே தள்ளுகிறேன். எஞ்சின் இருமி அடங்குகிறது. பிறகு கரும்புகை கக்கிக்கொண்டு பிடிக்கிறது. அதற்குள் அவன் புள்ளியாகிவிடுகிறான். ஜாய்ஸ்டிக்கை மாற்றிவிட்டேன், விளையாட்டை அழித்து மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். 109இ ஓட்டும்போது மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

பதில் – பழையபைக்

ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்லாதீர்கள், பாவம். பழைய பைக்கைச் சாய்த்துக் கிடத்தினால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழியும், பார்த்திருப்பீர்கள். உள்ளே பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை நிமிர்ந்து நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினிலும் அதே மிதவைதான். மூக்கைத் தாழ்த்தியதும் எரிபொருள், கார்புரேட்டர் கிண்ணத்தின் மேல்பக்கம் ஏறிக்கொள்கிறது. முதலில் எஞ்சினுக்குப் பட்டினி, அடுத்து மிதவை ஏமாந்து வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. அந்தக் கரும்புகை இந்த வெள்ளத்தால்தான். 109இ-யின் டைம்லர் பென்ஸ் எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது. பம்ப் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. தலைகீழாகத் தொங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

பதில் – மேகக்கரை

அன்றைய விமானிகள் செய்ததையே செய்யுங்கள். ஸ்டிக்கைத் தள்ளாமல், விமானத்தை உருட்டித் தலைகீழாக்கி, ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள். பாய்ச்சல் அதேதான், ஆனால் எரிபொருள் கிண்ணத்தின் அடியிலேயே நிற்கும். ஒரு நொடி தாமதமாகும், வேறு வழியில்லை.

1941-இல் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் அம்மையார் எரிபொருள் பாதையில் வைக்க, துளையிட்ட சின்ன உலோகத் தடுப்பு ஒன்றை வடிவமைத்தார். எஞ்சின் முழு வேகத்தில் கேட்கும் அளவைத் தாண்டி எரிபொருள் போகாது, வெள்ளம் தடுக்கப்பட்டது. அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும்கூட. பைக்கிலேயே விமானத் தளங்களுக்குப் போய் அதைப் பொருத்தும் வேலையைக் கவனித்தார். விளையாட்டில் 1941-க்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆனால் நெடுநேரம் தலைகீழாகப் பறக்க அதுவும் உதவாது.

வால்காற்று

உருட்டி இழுத்தேன், எஞ்சின் மூச்சுவிடாமல் ஓடியது. நன்றி! ஆனாலும் எட்டவில்லை. அப்படியானால் 109இ-தான் மேலான விமானமா?

பழையபைக்

பாய்ச்சலில் ஆம். அதன் பல வகைகளில் இருபது மில்லிமீட்டர் பீரங்கி இரண்டும் உண்டு. என் ஓட்டு ஜெர்மானியருக்கே.

மேகக்கரை

அவசரப்படாதீர்கள் ஐயா. அது லண்டன் மேலே வந்தால் சண்டை போட எரிபொருள் சில நிமிடங்களுக்குத்தான். பிறகு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். ஸ்பிட்ஃபயர்க்காரன் சொந்த ஊர் மேலேயே பறக்கிறான். பாராசூட்டில் குதித்தாலும் அங்கே யாராவது தேநீர் கொடுப்பார்கள். ஸ்பிட்ஃபயரின் அகன்ற இறக்கை இறுக்கமாகத் திரும்பும். கார்புரேட்டரிலும் ஒரு லாபம் உண்டு: எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து, எஞ்சினுக்குச் சற்று வலு கூடும். மெர்லினைச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் அதை விடாமல் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வால்காற்று தம்பி, அவன் பாய்ந்தால் போகட்டும், விடுங்கள். உயரத்தை இழக்காமல் வட்டமிடுங்கள். மறுபடி மேலே வருவான். அப்போது திருப்பத்தில் பிடியுங்கள்.

வால்காற்று

வந்தான். மூன்றாவது சுற்றில் என் குறிக்குள் முழுதாக நின்றான். பொத்தானை அழுத்தினால் வெறும் சத்தம்கூட வரவில்லை. எட்டுத் துப்பாக்கியும் காலி. முன்பே தூரத்திலிருந்து சுட்டுத் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

மேகக்கரை

மொத்தமே பதினைந்து நொடிக்கான தோட்டாதான் தம்பி. இரண்டு நொடிக்கு மேல் விரலை வைக்காதீர்கள்.