வளியமுக்கி: உறிஞ்சளவும் வழங்களவும்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘எயார் கொம்பிரசர்’ என்பதற்குக் ‘காற்றழுத்தி’யா ‘வளியமுக்கி’யா என்று நடக்கும் விவாதத்தில் என் வாக்கு வளியமுக்கிக்கே. வளி, அமுக்கம் என்ற இரண்டு சொற்களையும் இலங்கைப் பாடநூல்களிலேயே பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். தமிழக நண்பர்கள் காற்றழுத்தி என்று எழுதினாலும் எங்களுக்கு விளங்கும். இதில் இரண்டு சொற்களும் நிலைத்தால்கூட யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வருவது இன்னொரு கருத்துக்கு நம்மிடம் சொல் இல்லாததால். கொழும்பின் கடைவீதிகளான பஞ்சிகாவத்தைக்கோ பழைய சோனகத் தெருவுக்கோ போய், வீட்டுக் கராஜுக்கு ஒரு வளியமுக்கி வாங்குபவர் பெரும்பாலும் கேட்பது இரண்டுதான்: மோட்டர் எத்தனை குதிரைவலு, தாங்கி எத்தனை லீற்றர். பெட்டியில் ‘நிமிடத்துக்கு 200 லீற்றர்’ என்று அச்சிட்டிருந்தால் அதையும் பார்த்து மகிழ்ந்து வாங்கிவிடுகிறார். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் அந்த எண், பிஸ்டன் ஒரு நிமிடத்தில் கடக்கும் கனவளவு மட்டுமே. குழாய் வழியே வேலைக்கு வந்து சேரும் வளி அதைவிட நன்றாகக் குறைவு. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போதும் சிலிண்டர் தலையில் சிறிய இடைவெளி இருக்கும். அங்கே எஞ்சிய அமுக்கிய வளி, பிஸ்டன் இறங்கும்போது மீண்டும் விரிந்து, புதிய வளிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வால்வுக் கசிவும் சிலிண்டரின் சூடும் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தாங்கியில் அமுக்கம் ஏற ஏற இந்த இழப்பும் ஏறும்.

வாங்குபவருக்குத் தேவையானது, இப்படிக் குழாய் வழியே வந்து சேரும் வளியின் அளவு. ஆங்கிலத்தில் அதை ‘ஃப்ரீ எயார் டெலிவரி’ என்கிறார்கள். இதைச் ‘சுயாதீன வளி விநியோகம்’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். சுயாதீனம் என்றதும் நம் மாணவருக்கு நினைவு வருவது சுயாதீனமாக விழும் பொருள். இங்கே கருத்தோ, வளியைச் சுற்றாடலின் அமுக்கத்திலும் வெப்பநிலையிலும் அளக்கிறோம் என்பது. அந்த நிபந்தனை வரைவிலக்கணத்தில் இருக்கட்டும். பெயர் கடைக்காரர் வாயில் நுழையும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும்.

கொள்ளளவு என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. அதே வினைத்தொகை அமைப்பில் பிஸ்டன் கணக்குக்கு உறிஞ்சளவு, வெளியே வருவதற்கு வழங்களவு என்று வைக்கலாம். தாங்கிக்குக் கொள்ளளவு. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்போது ஒன்றை மற்றொன்று என்று மயங்க இடமில்லை.

இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். நிமிடத்துக்கு 250 லீற்றர் வளி குடிக்கும் ஒரு சாண்டரை (தேய்க்கும் கருவியை) 50 லீற்றர்த் தாங்கியில் பூட்டுகிறோம். அமுக்கம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறையச் சுற்றாடலின் அமுக்கம்) இறங்குவதற்குள் தாங்கி தருவது சுற்றாடல் கணக்கில் 100 லீற்றர். உறிஞ்சளவு 200 என்பதை நம்பினால் பற்றாக்குறை நிமிடத்துக்கு 50. இரண்டு நிமிடம் தேய்க்கலாம் என்று தோன்றும். உண்மையான வழங்களவு 120 என்றால் பற்றாக்குறை 130. முக்கால் நிமிடத்திலேயே அமுக்கம் 6 பாருக்கு வந்துவிடும். தாங்கியை 100 லீற்றராக்கினாலும் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். சக்கர நட்டுக் கழற்றுவது, ரயருக்குக் காற்றடிப்பது போன்ற விட்டுவிட்டுச் செய்யும் வேலைக்குச் சிறிய இயந்திரம் தாராளம். சாண்டரும் பெயின்ற் ஸ்பிறேயும் இடைவிடாமல் வளி கேட்பவை. அவற்றின் தேவையைவிட வழங்களவு கூடுதலாக இருக்க வேண்டும். எத்தனை பாரில் அந்த வழங்களவு என்றும் கேட்க வேண்டும்.

கொழும்புக்காரருக்கு இன்னொரு சொல்லும் அவசரமாகத் தேவை. 30 பாகை வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் வளி ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதன் 80 சதவீதமென்றால் உள்ளே 24 கிராம். அதை 8 பாருக்கு அமுக்கி, அதே வெப்பநிலைக்கு ஆறவிட்டால் 3 கிராமுக்குச் சற்று மேல்தான் ஆவியாக நிற்கும். மீதி 20 கிராம் நீராகித் தாங்கியின் அடியில் தங்கும். வழங்களவு 100 லீற்றரில் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு தேநீர்க் கோப்பையளவு நீர் சேரும். அதை வடிக்காவிட்டால் தாங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும், பெயின்றிலும் புள்ளி விழும். ஆவி நீராவதைக் குறிக்கும் ஒடுக்கம் என்ற பாடநூல் சொல்லிலிருந்து இந்த நீருக்கு ‘ஒடுங்குநீர்’ என்று முன்மொழிகிறேன். அதை வடிக்கத் திறந்துவிடும் திருகுக்கு ‘வடிதிருகு’ போதும்.

உறிஞ்சளவு மட்டும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. பிஸ்டன் உண்மையில் அவ்வளவையும் உறிஞ்சுவதில்லையே. இதைவிடப் பொருந்தும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.