மூன்று இரவு என்றார்கள்: கட்டாயத் தனிமைப்படுத்தலும் கோர்ட் படியேறிய நம் ஆட்களும்

டொராண்டோவிலிருந்து:

கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கட்டாயமாக ஓட்டலில் வைத்தார்கள். அந்த விதிகளை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள், போட நினைத்து விட்டவர்கள், யாரோ போட்ட வழக்கின் தீர்ப்புக்காகக் காத்துக்கிடந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2021 மார்ச் மாதம் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு சென்னையிலிருந்து டொராண்டோ திரும்பினேன். கனடாவில் அந்த வருடம் பிப்ரவரி 22 முதல் புது விதி. விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் விமான நிலையத்திலேயே டெஸ்ட் கொடுத்துவிட்டு, அரசு ஒப்புக்கொண்ட ஓட்டல் ஒன்றில், சொந்தச் செலவில், மூன்று இரவுக்கு அறை போட்டிருக்க வேண்டும். நெகடிவ் என்று முடிவு வந்தால் வீட்டுக்குப் போய் 14 நாள் தனிமைப்படுத்தலில் மிச்சத்தைக் கழிக்கலாம். ஓட்டல் பதிவு ஃபோனில்தான். துக்க வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் ஒரே இசையைக் கேட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் லைனில் இருந்தேன். கீழே அப்பாவின் படத்துக்கு யாரோ மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டல் பெயர் வேண்டாம். கதவைத் தட்டுவார்கள். நான் எழுந்து போய்த் திறப்பதற்குள் காலடிச் சத்தம் வராந்தாக் கடைசிக்குப் போயிருக்கும். தரையில் ஒரு பழுப்புக் காகிதப் பை, அதன் மேல் மார்க்கரில் அறை எண். ஜன்னல் திறக்காது. மூன்றாம் நாள் முடிந்தும் டெஸ்ட் முடிவு வரவில்லை. ஃபோன் செய்தால் ஒருவர் இன்னொருவர் நம்பரைக் கொடுப்பார். கடைசியில் பொறுக்க முடியாமல் ரிசப்ஷனில் கேட்டேன், "நான் இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேனா, இல்லையா?" அந்தப் பையன் பாவம், நல்லவிதமாகத்தான் சொன்னான், "மேடம், நீங்கள் எங்கள் கெஸ்ட்" என்று. லிஃப்ட் வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பலர் சேர்ந்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். 2021 ஜூன் 18 அன்று தலைமை நீதிபதி பால் கிராம்ப்டன் தீர்ப்புச் சொன்னார். விதி செல்லும், பெருந்தொற்றுக் காலத்தில் இது நியாயமான கட்டுப்பாடுதான் என்பது மொத்த முடிவு. ஒரே ஒரு மனுதாரர் விஷயத்தில் மட்டும், வழக்கறிஞரை அணுகும் உரிமையை அவருக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை, அது உரிமைச் சாசன மீறல் என்றார். செய்திகளில் "வழக்குத் தோற்றது" என்றுதான் வந்தது. எனக்கு அந்த ஒரு வரிதான் மனதில் தைத்தது. கைதானவருக்கும் தடுத்து வைக்கப்பட்டவருக்கும் உள்ள உரிமை அது. கெஸ்டுக்கு இல்லை.

ஆக்லாந்திலிருந்து:

அக்கா, அப்பாவுக்கு என் அஞ்சலி.

உங்களுக்கு ஓட்டலிலிருந்து வெளியே வருவது பிரச்சினை. எனக்கு ஓட்டலுக்குள் போவதே பிரச்சினை. நியூசிலாந்தில் விதி வேறு மாதிரி. தனிமைப்படுத்தல் அறை ஒன்று உறுதியானால்தான் விமானமே ஏற முடியும். அறைகளோ எண்ணிக்கைக்குள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக 2021 ஜூலையில் கோயம்புத்தூர் வந்தவன், ஆக்லாந்தில் மனைவியையும் ஆறு வயது மகளையும் விட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன். நான் நியூசிலாந்துக் குடிமகன், பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. ஆனால் அறை இல்லை.

செப்டம்பரில் மெய்நிகர் வரிசை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எல்லாரும் இணையத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். பிறகு குலுக்கல் மாதிரி, முன்னால் வந்தவர் பின்னால் வந்தவர் என்ற கணக்கில்லாமல் ஆளுக்கொரு இடம் விழும். முதல் தடவை 3,000 சொச்சம் அறைகளுக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தோம். திரையில் ஒரு சின்ன மனித உருவம் நடந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஓர் எண். எனக்கு முன்னால் 19,000 சொச்சம் பேர். மகள் வீடியோ காலில் இருந்தாள். "அப்பா, அந்த நம்பர் ஜீரோ ஆனா வருவியா?" என்றாள். ஆகும் வரை பார்க்கிறேன் என்று அவளும் உட்கார்ந்தாள். பாதியில் தூங்கிவிட்டாள்.

நான்கு தடவை முயன்றேன். நான்காவதில் கிடைத்தது, டிசம்பர் தேதிக்கு.

வெளிநாட்டில் சிக்கிய நியூசிலாந்துக்காரர்கள் 'கிரவுண்டட் கிவிஸ்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே உரிமைச் சட்டத்தில் நாட்டுக்குள் நுழையக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அன்று நீதிபதி ஜிலியன் மாலன் தீர்ப்பளித்தார். தனிமைப்படுத்தல் ஏற்பாடு தேவையானதுதான் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அறை ஒதுக்கிய விதம், ஒருவருடைய தனிப்பட்ட நிலைமையையும் எவ்வளவு காலம் காத்திருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை, 2021 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 17 வரை அது குடிமக்களின் நுழையும் உரிமையை நியாயமில்லாமல் கட்டுப்படுத்தியது என்றார்.

நான் காத்திருந்த அதே மாதங்கள். ஆனால் தீர்ப்பு வந்தபோது எல்லைக் கட்டுப்பாடு குடிமக்களுக்குத் தளர்ந்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் படித்தபோது நான் வீட்டில், மகள் பள்ளிக்கூடத்தில். சந்தோஷப்பட்டேன். அதே சமயம், இதை அக்டோபரிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது. ஒரு விஷயம், அது குடிமக்களுக்கான உரிமை. என் கூடவே அலைந்த நண்பர் வேலை விசாக்காரர். அந்தத் தீர்ப்பில் அவர் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

சிட்னியிலிருந்து:

சுருக்கமாக எழுதுகிறேன், இன்னும் நினைத்தால் கை நடுங்குகிறது. 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாளுக்குள் ஆஸ்திரேலியா வந்தால் குற்றம். குடிமக்களுக்கும் சேர்த்துத்தான். மீறினால் ஐந்து வருடம் வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம். என் அம்மா ஆஸ்திரேலியக் குடிமகள், 71 வயது, திருச்சியில் தனியாக இருந்தார். பக்கத்து வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூருவில் சிக்கியிருந்த ஒரு முதியவர் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மே 10 அன்று நீதிபதி தாமஸ் தாவ்லி முதல்கட்ட வாதங்களைத் தள்ளுபடி செய்தார். உயிரிப் பாதுகாப்புச் சட்டம் அமைச்சருக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறது, குடிமகன் நாடு திரும்பும் பழைய பொதுச்சட்ட உரிமையை அது மிஞ்சும் என்பதுதான் சாரம். அன்றிரவு அம்மாவுக்கு ஃபோன் போட்டு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "சரிப்பா, அவங்க சொல்றதுலயும் ஏதாவது இருக்கும்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

மே 15 ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குப் போன முதல் மீட்பு விமானத்தில் 150 பேருக்கு இடம் போட்டிருந்தார்கள். பாசிடிவ் வந்தவர்களும் அவர்களோடு இருந்தவர்களுமாகச் சுமார் 70 பேர் ஏற முடியவில்லை. அம்மா ஜூனில் வந்தார். நல்லபடியாக இருக்கிறார்.

பிராம்ப்டனிலிருந்து:

நான் நர்ஸ். 2021 ஏப்ரலில் ஒன்டாரியோவில் மூன்றாவது அலை அடித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். படுக்கை இல்லாமல் நோயாளிகளை வேறு ஊர்களுக்கு ஏற்றி அனுப்பினோம். வென்டிலேட்டரோடு ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றுகையில், கூட வர முடியாத அவர் மனைவிக்கு ஃபோனில் வழி சொன்னவள் நான். அதனால் என்னால் விதியே தப்பு என்று சொல்ல முடியாது. உருமாறிய கிருமிகள் விமானத்தில்தான் வந்தன. தடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். விமானத்தில் வந்தால் ஓட்டல். அமெரிக்காவில் இறங்கி டாக்சி பிடித்துத் தரைவழியாக எல்லை தாண்டினால் ஓட்டல் கிடையாது, நேரே வீட்டில் தனிமை. பஃபலோவில் இறங்கி அப்படி வந்தவர்களை எனக்கே தெரியும். கிருமிக்கு டாக்சி என்றால் கூச்சமா? காசும் விவரமும் உள்ளவர்கள் தாண்டிவிட்டார்கள். துக்கத்துக்குப் போய் வந்த இந்தத் தங்கை மாட்டிக்கொண்டாள். இதைக் கோர்ட் ஏன் பெரிதாக எடுக்கவில்லை? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லண்டனிலிருந்து:

அக்கா, நான் வழக்கறிஞர், ஆனால் கனடாவில் இல்லை. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் நீதிபதிகள் பொதுவாக ஒரு நிலையில் நின்றார்கள். விஞ்ஞானம் உறுதியில்லாத நேரத்தில் அரசு எடுத்த முடிவு மிகச் சரியானதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. நியாயமான எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். தரைவழி ஒரு ஓட்டைதான், ஆனால் ஓட்டை இருக்கிறது என்பதற்காக மட்டும் கதவையே கழற்றச் சொல்லத் தயங்குவார்கள். அதனால் "இந்த விதியே வேண்டாம்" என்று போனவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். "இந்த விதியை யார் போட்டது, என் விஷயத்தை யார் பார்த்தது" என்று கேட்டவர்களுக்குத்தான் கதவு கொஞ்சம் திறந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு போர்ச்சுகலுடையது. அசோர்ஸ் தீவுகளில் வந்து இறங்கியவர்களை 14 நாள் ஓட்டலில் அடைத்தது அங்குள்ள பிராந்திய அரசு. 2020 மே மாதம் ஒரு விமானி ஆட்கொணர்வு மனு போட்டார். நம் ஊரில் போலீஸ் பிடித்துப்போனவருக்காகப் போடுகிறோமே, அதே மனு. ஓட்டல் அறையில் இருப்பவருக்கு ஆட்கொணர்வு மனுவா என்று யாரும் சிரிக்கவில்லை. உள்ளூர் நீதிமன்றம் அவரை விடச் சொன்னது. ஜூலை 31 அன்று அரசியல் சாசன நீதிமன்றமும், ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் விதியைப் போட அந்தப் பிராந்திய அரசுக்கு அதிகாரமில்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. டொராண்டோ சகோதரி ரிசப்ஷனில் கேட்ட கேள்விக்கு அந்தத் தீவில் நேரடியாகப் பதில் கிடைத்தது. நீங்கள் கெஸ்ட் இல்லை.

ஜெர்மனியில் வேறு வழி. 2020 நவம்பரில் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் உயர் நிர்வாக நீதிமன்றம், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கான தனிமைப்படுத்தல் விதியை நிறுத்திவைத்தது. வந்த இடத்தில் தொற்று இங்கே இருப்பதைவிடக் குறைவு, பிறகு அவரை ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டது. பிரிட்டனில் 2020 ஜூன் 8 முதல் வந்த 14 நாள் விதியை எதிர்த்து மூன்று பெரிய விமான நிறுவனங்கள் வழக்குப் போட்டன. பல நாடுகளுக்கு விலக்குக் கொடுத்ததும் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

ஆக்லாந்துத் தம்பி சொன்ன தாமதம்தான் எனக்கும் பெரிய வருத்தம். விதி மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும், கோர்ட் தேதி மூன்று மாதம் தள்ளி விழும். தீர்ப்பு வரும்போது விதியே இருக்காது. கனடாவின் ஓட்டல் விதியும் அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகாமல், 2021 ஆகஸ்ட் 9 அன்று போய்விட்டது. சிட்னி நண்பருடைய அம்மா திருச்சியில் தனியாகக் காத்திருந்த நாட்களை எந்த மேல்முறையீடு திருப்பித் தரும்?

கால்கரியிலிருந்து:

அபராதம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கனடாவில் ஓட்டலுக்குப் போக மறுத்தால் ஒரு நாளைக்கு 3,000 டாலர் வரை அபராதம், ஜூன் 4 முதல் 5,000 ஆக்கினார்கள். டொராண்டோவில் என் மைத்துனர் மறுத்தார், கையில் அபராதச் சீட்டைக் கொடுத்தார்கள். கால்கரி இருக்கும் எங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் அந்த மாதிரிச் சீட்டுக் கொடுக்கும் சட்ட ஏற்பாடே அப்போது இருக்கவில்லை. அதே விமானப் பயணம், அதே மறுப்பு, இறங்கிய ஊரைப் பொறுத்துத் தண்டனை. மைத்துனர் சீட்டை எதிர்த்து நின்றார். ஒரு வருடத்துக்கு மேல் தேதி மாறிக்கொண்டே போனது, கடைசியில் அரசுத் தரப்பே கைவிட்டது. அவர் ஜெயித்தாரா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு வருடம் அவர் தூங்கவில்லை.

டொராண்டோவிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் ஓட்டல் பையைத் திட்டிக்கொண்டிருந்தேன். விதி வேண்டாம் என்று அன்றும் நான் சொல்லவில்லை. மூன்று இரவு ஐந்தானபோது ஏன் என்று சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும், நான் யாரிடம் முறையிடலாம் என்று ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

லண்டன் அண்ணன் தனியாக என்னிடம் ஒன்று கேட்டிருந்தார், ஓட்டலில் கொடுத்த காகிதம் எதையாவது வைத்திருக்கிறேனா என்று. நேற்று இரவு பெட்டியைக் கிளறினேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு மடித்து வைத்திருக்கிறேன், நான்கு பக்கம். சாப்பாடு வரும் நேரம், வைஃபை கடவுச்சொல், துண்டு மாற்ற எந்த எண், பத்து நிமிட நடைக்கு யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். வழக்கறிஞர் என்ற சொல் எங்கேயும் இல்லை. நான்கு பக்கத்தையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த மார்ச், ஏப்ரலில் இறங்கியவர்கள் யாராவது இப்படிக் காகிதம் வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.