கத்தி உறைக்குத் தோல்: சோஃபாத் துண்டு போதுமா, வெஜ் டேன்தான் வேண்டுமா?

செந்தூல்_பட்டறை:
வணக்கம். தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் கத்திக்கு இடுப்பு உறை தைக்கப் போகிறேன். அலகு 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், முதுகு 4 மி.மீ., கார்பன் ஸ்டீல். இங்கே கோலாலம்பூரில் சோஃபா தைக்கும் கடையில் கறுப்பு மாட்டுத்தோல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, 1.5 மி.மீ. இருக்கும். இரண்டை ஒட்டி 3 மி.மீ. ஆக்கினால் ஆகாதா? ஷோப்பி இணையக் கடையில் 'வெஜ் டேன் 8 அவுன்ஸ்' (தாவரச் சாற்றில் பதனிட்ட தோலாம், அவுன்ஸ் என்பது தடிமன்) என்று போட்டிருப்பதன் விலையைப் பார்த்தால் கை வரவில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு வாங்குவது?

ஊசிநூல்_பினாங்கு:
ஒட்டினால் தடிக்கும், விறைக்காது தம்பி. சோஃபாத் தோல் குரோம் (குரோமிய உப்பில்) பதனிட்டது, துவளுவதற்கென்றே செய்தது. உறையின் வாய் மடங்கிக்கொள்ளும். பார்க்காமல் கத்தியைச் செருகும்போது முனை உட்புறத்தில் குத்தும், குத்திக் குத்தி ஒருநாள் தொடைப் பக்கம் வெளியே வரும். நனைத்துக் கத்தியின் வடிவத்துக்கு அச்சுப் பிடித்தாலும் காய்ந்ததும் பழையபடி தொளதொளவென்று ஆகிவிடும்.

வெஜ் டேன் என்பது மரப்பட்டை, காய் இவற்றின் சாற்றில் பதனிட்டது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது இந்த முறைதான். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை நம்பாதே, எப்படிப் பதனிட்டது என்பதை அது சொல்லாது. கடையிலேயே சோதிக்கலாம். வெட்டிய ஓரத்தைப் பார்: நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடினால் குரோம். கறுப்புச் சாயம் உள்வரை ஏறியிருந்தால் இந்தக் கோடு தெரியாது, அதனால் சாயம் போடாததையே கேள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. வெஜ் டேன் என்றால் சில வினாடியில் குடித்துக் கறுத்துப்போகும், ஈரத்தில் நகத்தால் கீறினால் தடம் அப்படியே நிற்கும். தண்ணீர் முத்தாக உருண்டால் குரோமாக இருக்கலாம், இல்லை மேலே பூச்சு இருக்கிறது. எண்ணெய் நிறைய ஏற்றிய தோலும் உறைக்கு ஆகாது, அச்சும் பிடிக்காது, பசையும் ஒட்டாது.

பட்டர்வொர்த்_மாமா:
மேலே சொன்னது சரி. ஆனால் ஆன்லைனில் பலர் ஏமாறுவது தோலின் பகுதியில். வயிற்றுத் தோல் மலிவு. அது ஒரு பக்கமாக இழுபடும், ஆறு மாதத்தில் கத்தி உள்ளே ஆடும். பின்முதுகுதான் அடர்த்தி, விலையும் அதற்குத்தான். தோள் பகுதியில் சுருக்கக் கோடுகள் இருக்கும், வேலைக்குத் தடையில்லை. காசுக்கேற்ற பண்டம் என்றால் என் கணக்கில் அதுதான். வழவழப்புப் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பார்க்க வேண்டும். நுண்ணிய மடிப்பு விழுந்தால் நல்லது. மேல்தோல் தனியாகக் கழன்றதுபோல் பெரிய சுருக்கம் எழுந்தால் வேண்டாம்.

1 அவுன்ஸ் என்பது 0.4 மி.மீ. உன் கத்திக்கு 7 அல்லது 8 அவுன்ஸ், அதாவது 2.8 முதல் 3.2 மி.மீ. போதும். 3.5ஐத் தாண்டினால் முதுகுப் பக்க மடிப்பில் மேல்தோல் வெடிக்கும், உட்புறம் பள்ளம் எடுக்காமல் மடிக்க முடியாது. ஒரே துண்டிலேயே தடிமன் கூடிக் குறையும், கேலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்த படம் கேட்டு வாங்கு.

அளவு: மடித்துத் தைக்க 22 × 12 செ.மீ., இடுப்புவார் வளையத்துக்கு 15 × 4. ஒரு சதுர அடித் துண்டில் (30 × 30) உடல் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் 22 × 24 போகும். மீதியில் வளையம் இரண்டும் வெல்ட்டும் (தையல் ஓரத்தில் இரு பக்கத்துக்கும் நடுவே வைக்கும் தோல் பட்டை) எடுக்கலாம். முதல் உறை கெடும் என்று வைத்துக்கொண்டு அப்படியே வெட்டு.

செந்தூல்_பட்டறை:
நன்றி மாமா. வெல்ட் அவசியமா? இரண்டாவது உறை ஒரு மலாய் நண்பருக்கு. பன்றித்தோல் கலந்துவிடுமோ என்று யோசனை.

ஊசிநூல்_பினாங்கு:
3 மி.மீ. தடிமனில் பன்றித்தோல் வர வாய்ப்புக் குறைவு, உட்புறம் ஒட்டும் மெல்லிய தோலாகத்தான் அதிகம் வரும். மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து இருந்தால் பன்றி. கத்தி உறைக்கு உட்புறம் எதுவுமே ஒட்டாதே, ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வெல்ட் இல்லாமல் தைக்காதே. கத்தியின் வாய் நேராக நூலில் உட்கார்ந்து அறுத்துவிடும். 1 செ.மீ. அகலத்தில் அதே தோல் பட்டை, நடுவில் வைத்து ஒட்டி, ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளித் தையல். ஒட்டும்முன் பட்டையின் வழவழப்புப் பக்கத்தை உப்புத்தாளால் சுரண்டு. சுரண்டாமல் பசை பூசினால் தையல் துளை போடும்போதே பிரிந்துவிடும்.

பட்டர்வொர்த்_மாமா:
கார்பன் ஸ்டீல் என்பதால் இன்னொன்று. ஈரமான வெஜ் டேன் இரும்பைத் தொட்டால் நீலக் கறுப்பாகக் கறை விழும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்ந்து மை ஆகிறதே, அதே சங்கதி. அச்சுப் பிடிக்கும்போது அலகுக்குப் பிளாஸ்டிக் உறை இரண்டு சுற்று, ஈரக் கையில் இரும்புத்தூள் ஆகாது. விழுந்த கறை புதிதென்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் மங்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிநீரில் தோல் சுருங்கி மொடமொடத்துவிடும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் மின்விசிறி அடியில் இரண்டு நாள் வை.

தைத்த பிறகும் கத்தியை உறையிலேயே போட்டு அலமாரியில் வைக்காதே, அலகு துருப்பிடிக்கும், தோலில் பூஞ்சணம் பூக்கும். தோட்டத்தோடு அவிழ்த்து வைத்துவிடு. தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு மீன் வாங்கப் போகாதே.