இருபதாம் தேதிக்கு மேல என்ன சாப்பிடுறது?

கேள்வி:
ரூம்ல ஒரு சின்ன அடுப்பு, ஒரே ஒரு பாத்திரம். மாசம் 20 தாண்டினா கை காலி. நூடுல்ஸ் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. ரெண்டு மணி நேரத்துல பசி வேற திரும்ப வந்துடுது. என்ன பண்ணலாம்?

பதில் 1:
முட்டை. ஒண்ணுல சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. நூடுல்ஸை விட முடியலேன்னா, கொதிக்கும்போதே ஒரு முட்டையை உடைச்சு ஊத்துங்க. மசாலாத் தூள்ல பாதி போதும், எல்லாம் உப்புதான். மீதியை உருளைக்கிழங்குல தூவிக்கலாம்.

பதில் 2:
பருப்பு, கொண்டைக்கடலை மொத்தமா வாங்கிப் போடுங்க. கடலையை ராத்திரியே ஊறவைக்கணும். நான் ஒரு தடவை மறந்துட்டு காலையில நேரா அடுப்புல ஏத்தினேன். கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம், கடலை கல்லு மாதிரியே கிடந்துச்சு. ராஜ்மாவா இருந்தா ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டு, அப்புறம் நல்லா வேகவைங்க. அரைவேக்காடு வயித்தைப் புரட்டி எடுத்துடும்.

பதில் 3:
மிஞ்சின சோத்தை ராத்திரி பூரா வெளியில வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல வைங்க.

கேட்டவர்:
ஃப்ரிட்ஜுக்கு எங்க போறது!

பதில் 3:
அப்போ அளவா வடிங்க. பக்கத்து ரூம்காரனையும் சேத்துக்கோங்க, செலவு பாதி. பாத்திரம் அவன் கழுவட்டும்.